இனி வரத் தேவையில்லை

"எலும்பு விலகிருச்சு மேடம். ஒரு இழு இழுத்து உள்ள தள்ளிவிடுங்க. கேம்பல் பே கப்பலப் பிடிக்கணும்!"

மழையில் தொப்பலாக நனைந்து, வலத்தோளைப் பிடித்தபடி வந்து நின்றவனை சிசிலியா முறைத்தாள். ஷாதிபூரில் பிசியோதெரபி கிளினிக் திறந்ததிலிருந்து அவளுக்கு இப்படி யாரும் உத்தரவு போட்டதில்லை. ஆனால் அந்தக் கண்கள்... வலியிலும் சிரிக்கிற கண்கள்! கோபம் வர வேண்டிய இடத்தில் வேறு என்னவோ வந்து தொலைத்தது.

அவன் பெயர் ஷெல்டன். கடல் தாண்டி, தெற்குக் கோடித் தீவான கேம்பல் பேயில் படகு இன்ஜின் மெக்கானிக். கையைத் தூக்கச் சொல்லிச் சோதித்துப் பார்த்தாள்.

"எலும்பு எங்கயும் போகல. தசைதான் நோவுது. இழுக்க மாட்டேன்."

"அரே! அப்புறம் எதுக்கு வெளிய போர்டு?"

"குணமாக்குறதுக்கு!"

கடல் கொந்தளித்துக் கப்பல் ரத்தானது. அவன் அதே ஊரில், குட்வில் எஸ்டேட்டில் இருந்த சித்தப்பா வீட்டில் தங்கி, சிகிச்சைக்கு வரத் தொடங்கினான். அவள் தோளை அமுக்கிவிட்டால் கண்மூடிக்கொள்வான்.

"உங்க கையில மந்திரம் இருக்கு மேடம்..."

"மந்திரமும் இல்ல, மாயமும் இல்ல. அமுக்கினா கொஞ்ச நேரம் வலி அடங்கும். ஆராய்ச்சி பண்ணவங்க சொல்றதே அவ்வளவுதான். நிலைச்சு நிக்கணும்னா இதப் பிடிச்சு இழுங்க" என்று ரப்பர் பட்டையை நீட்டுவாள். அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு இழுப்பான். அவள் சிரித்துவிடுவாள். அவன் வராத நாளில் கிளினிக் வெறிச்சென்று கிடக்கும்.

ஒரு நாள் அவன் கை வலியில்லாமல் காதைத் தாண்டி உயர்ந்தது. அவளுக்குச் சந்தோஷம்தான். ஆனால் இனி அவன் வர வேண்டியதில்லையே!

'இன்னும் பத்து தடவை வாங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நம்பி வருவான். ஆனால் தேவையில்லாத சிகிச்சைக்கு அவள் யாரையும் வரவழைத்ததில்லை. சிகிச்சைக்கு வந்தவனிடம் மனதைத் திறக்கவும் கூடாது...

"இனிமே நீங்க வரத் தேவையில்ல. வீட்டுலயே பயிற்சி செஞ்சா போதும்."

அவன் முகம் சட்டென்று வாடியது. "அச்சா... போன்னு சொல்றீங்க. டீக் ஹை, போயிர்றேன்." ரோஷக்காரன், திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டான்.

அதன்பிறகு கேம்பல் பே கப்பல் வரும் நாளெல்லாம் அவள் கண் வாசலிலேயே கிடந்தது. நம்பர் இருந்தது, கூப்பிடத் தைரியமில்லை. ரப்பர் பட்டையைப் பார்த்தாலே அவன் சுளித்த முகம் நினைவுக்கு வந்தது. எத்தனையோ மழை வந்து போனது...

மறுபடி ஒரு மழை நாளில் வாசலில் நிழல் ஆடியது. ஷெல்டன்! உள்ளே வராமல், வலக்கையை உச்சிக்கு மேலே தூக்கிக் காட்டினான்.

"வலி சுத்தமா இல்ல. தினமும் பட்டைய இழுத்தேன்... உங்களத் திட்டிக்கிட்டே."

"அப்ப... எதுக்கு வந்தீங்க?"

"வைத்தியத்துக்கு இல்ல. நீங்க இல்லாம அங்க இருக்க முடியல சிசிலியா. போன்னு சொன்னா மறுபடி போயிருவேன்."

அவன் பேச்சில் 'மேடம்' என்ற சொல் காணாமல் போயிருந்தது. அவள் கண் நிறைந்தது.

"அன்னைக்குப் பொய் சொல்லி உங்கள இருக்க வைக்க மனசு வரல. நீங்க போனதும் எவ்வளவு அழுதேன் தெரியுமா?"

அவன் மெல்லச் சொன்னான். "திரும்பிப் போக இன்னும் டிக்கெட் எடுக்கல..."

"எடுக்காதீங்க" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "முதல்ல வந்து எங்கப்பாவப் பாருங்க."