வெளி மின்சாரம் இணைப்பில் உள்ளது

மீன் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தபோதுதான் பியூலா தன் மணிக்கட்டுத் திரையைப் பார்த்தாள். 'மின்கலம் காணப்படவில்லை' என்று அதில் எழுதியிருந்தது.

கையைத் துடைத்துவிட்டு நெஞ்சில் வைத்துப் பார்த்தாள். உள்ளே இதயப்பொறி எப்போதும்போல ஓடிக்கொண்டுதான் இருந்தது. தூத்துக்குடியில் ஐம்பதைத் தாண்டிய பலருக்கும் இப்போது அந்தப் பொறிதான் இதயம். இரவில் மின்பாயில் படுத்தால் பொறியின் மின்கலம் நிரம்பிவிடும், மறுநாள் முழுக்க ஓடும். மின்கலமே இல்லையென்றால் எது ஓடுகிறது? அடுத்த வரி அவளை இன்னும் குழப்பியது. 'வெளி மின்சாரம் இணைப்பில் உள்ளது.' அவள் உடம்பில் ஒரு கம்பியும் இல்லை.

"என்னங்க, நான் உசுரோடதான இருக்கேன்?" என்று கூடத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"பேசுதயே, அது போதாதா?" என்றார் ஞானதுரை. அவருக்கும் அதே பொறிதான். ஆனால் அவர் திரையைப் பார்க்கிற ஆள் இல்லை, சட்டைக் கையை அதன்மேல் இழுத்துவிட்டுக்கொள்வார். கொஞ்ச நாளாக அவருக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. வயசு என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பியூலா தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தாள். பொறியின் இயங்குதளம் யார் வேண்டுமானாலும் திறந்து பார்த்துத் திருத்தக்கூடிய திறந்தமூலம். அதனால் பயனர் குழுவில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கண்காணிப்பு நிரலை நிறுத்தித் திரும்பத் தொடங்கினாள், மின்பாயை மாற்றினாள், அதே பதிப்பைத் திரும்ப நிறுவிப் பார்த்தாள். திரையில் அதே இரண்டு வரிதான்.

மொட்டை மாடியில் துணி காயப்போடத் தனியாகப் போனபோது முதல் தடவையாக மணிக்கட்டு அலறியது. 'வெளி மின்சாரம் துண்டிப்பு.' பயத்தில் அவளுக்குத் தலை சுற்றியது, தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். ஞானதுரை மூச்சிரைக்க மேலே ஏறி வந்தார். அவர் பக்கத்தில் வந்ததும் அலறல் நின்றது.

அன்றே குழுவில் இருந்த ஃபாயிஸாவை அழைத்தாள். காயல்பட்டினத்துப் பெண், அந்த இயங்குதளத்தில் மின்சாரம் சம்பந்தமான பகுதியைக் கவனித்துக்கொள்பவள். அவள் பியூலாவின் பொறி எழுதிவைத்திருந்த குறிப்புகளைத் தொலைவிலிருந்தே படித்துவிட்டு, போன பதிப்பில் பகிர்மின் என்று ஒன்றைச் சேர்த்திருப்பதாகச் சொன்னாள். ஒருவரின் மின்கலம் திடீரென்று செத்துப்போனால், ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்தில் இருப்பவரின் பொறி காற்று வழியாக மின்சாரம் கொடுத்துக் காப்பாற்றும். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் வெளியிலிருந்து மின்சாரம் வருகிறது என்று தெரிந்ததும் பொறி தன் மின்கலத்தைத் தேடுவதை விட்டுவிடுகிறது, மின்கலம் செத்தால்கூட எச்சரிக்கை அடிப்பதில்லை. யார் தருகிறார்கள் என்று திரையில் காட்டவும் வழி வைக்கவில்லை. அதை உடனே சேர்த்துவிடுவதாகச் சொன்னாள்.

மறுநாள் காலையில் புதுப்பதிப்பு வந்தது. பியூலாவின் திரையில் மூன்றாவதாக ஒரு வரி முளைத்திருந்தது. 'வழங்குபவர்: ஞானதுரை.'

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவருடைய களைப்பும் மூச்சிரைப்பும் தன்னால்தானா? இந்த மனுஷனைச் சோம்பேறி என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாள். அவருடைய சட்டைக் கையை மேலே தள்ளிப் பார்த்தாள். அவர் திரையிலும் மின்கலம் காணப்படவில்லை. 'வழங்குபவர்: மரகதம்.'

மரகதம் டீச்சர் பக்கத்து வீடு. இவர்கள் படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் அவருடைய கட்டில். தண்ணீர் மோட்டார் தகராறில் இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

இருவரும் போய்க் கதவைத் தட்டினார்கள். திறந்த டீச்சருக்குப் பின்னால் பெட்டி தயாராக நின்றது. மகளுக்குப் பிரசவம், கோயம்புத்தூர் போகக் கீழே வாடகைக் கார் வந்துவிட்டது. பியூலா திரையைக் காட்டி விஷயத்தைச் சொன்னாள்.

"இத்தன நாள் மூஞ்சியக்கூடப் பாக்கல. இப்ப வந்து போகாதன்னு சொல்லுதீங்க," என்றார் டீச்சர். ஆனால் அவர் குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது. தன் மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினார். 'வழங்குபவர்: பியூலா.'

போனில் கேட்டபோது ஃபாயிஸாவுக்கே ஒன்றும் புரியவில்லை. மூன்று பேரும் ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கிக்கொண்டிருக்க முடியாது, யாரோ ஒருவருக்காவது மின்கலம் இருந்தே ஆக வேண்டும் என்றாள். ஒவ்வொருவராகப் பகிர்மின்னை அணைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். "ஆனா ஆஸ்பத்திரில வச்சுச் செய்யுங்க அக்கா. வீட்டுல வேண்டாம்."

கீழே கார்க்காரர் ஒலிப்பானை அழுத்தினார். டீச்சர் பெட்டியையும் பியூலாவையும் மாறி மாறிப் பார்த்தார். மகள் அங்கே தனியாக இருக்கிறாள். யாரை நிறுத்துவது, யாரைப் போகச் சொல்வது? ஆரம்பித்தது தன் திரையில்தானே என்று நினைத்த பியூலா, ஞானதுரை தடுப்பதற்குள் தன் பகிர்மின்னை அணைத்துவிட்டாள்.

திரை ஒரு கணம் இருண்டது. பிறகு, 'மின்கலம்: தொண்ணூறு விழுக்காடு.'

அதே நேரம் மற்ற இரண்டு மணிக்கட்டுகளும் அலறின. டீச்சர் கதவு நிலையைப் பற்றினார். ஞானதுரை சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தார். பியூலா பகிர்மின்னைத் திரும்பப் போட்டாள். அலறல் அடங்கியது.

இத்தனை நாளும் மற்ற இருவரையும் ஓட்டியது அவள் மின்கலம்தான். பிறகு டீச்சர் பால்கனிக்குப் போய்க் காரைத் திருப்பி அனுப்பினார். மகளுக்கு போன் போட்டு அழுதார். திரும்பி வந்து, "நீங்க இன்னைக்கு எங்கயும் வெளிய போக வேண்டியிருக்கா?" என்று கேட்டார்.

ஆஸ்பத்திரியில் புது மின்கலங்கள் கிடைக்கும்வரை மூன்று பேரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். பியூலா கடைக்குப் போனால் மற்ற இருவரும் கூடவே போனார்கள். கோயம்புத்தூரில் பிறந்த பேத்தியை டீச்சர் கைபேசியில்தான் பார்த்தார்.

இருவருக்கும் மின்கலம் மாற்றியதும் டீச்சர் கோயம்புத்தூருக்குக் கிளம்பிப் போனார். ஞானதுரை படிகளை நிற்காமல் ஏறினார். அதற்குள் ஃபாயிஸாவும், எந்தப் பொறியும் முதலில் தன் மின்கலத்தைத் தேட வேண்டும் என்று திருத்தம் எழுதி வெளியிட்டிருந்தாள். ஊரில் பாதிப் பேர் அதை நிறுவவில்லை. ஏன் என்று அவளுக்கு விளங்கவே இல்லை.

பியூலாவும் நிறுவவில்லை. அவள் திரையில் இன்னமும் 'மின்கலம் காணப்படவில்லை, வழங்குபவர்: ஞானதுரை' என்றுதான் இருக்கிறது. போன தடவைபோல அது பிழையாக இருக்கலாம். இந்தத் தடவை உண்மையாகவும் இருக்கலாம். திருத்தத்தைப் போட்டால் தெரிந்துவிடும். அவள் சேலைத் தலைப்பை அதன்மேல் இழுத்துவிட்டுக்கொள்கிறாள்.