காணாமல் போன வெள்ளைக் காலணி

திங்கட்கிழமை காலை. பள்ளி வாசலில் மடோகாவின் காலணிப் பெட்டி காலியாக இருந்தது. ஜப்பானின் கனசாவாவில் எந்தப் பள்ளியிலும் வெளிக்காலணியோடு உள்ளே போக முடியாது; உள்ளே போடுவதற்கென்றே தனியாக வெள்ளைக் காலணி உண்டு. விருந்தாளிகளுக்கான பெரிய பச்சைச் செருப்பை மாட்டிக்கொண்டு, தடக் தடக்கென்று வகுப்புக்கு வந்தாள் மடோகா.

"என் வெள்ளைக் காலணியைக் காணோம்," என்றாள் அழாத குறையாக.

"சிஹோதான் எடுத்திருப்பா," என்றான் கெங்கோ. "உன் பெட்டிகிட்ட குனிஞ்சு நின்னா. நானே பார்த்தேன்."

அவ்வளவுதான். வகுப்பே அதைப் பிடித்துக்கொண்டது. ஆளுக்கு ஆள் கண், காது, மூக்கு வைத்தார்கள். பக்கத்தில் உட்காரும் யூனாகூட நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். அதைத்தான் சிஹோவால் தாங்க முடியவில்லை. யூனா அவளுடைய உயிர்த்தோழி.

"என் பெட்டி அவ பெட்டிக்குக் கீழ இருக்கு," என்றாள் சிஹோ. "குனியாம எப்படிடா காலணி எடுக்கிறது? நான் அவளோடதை எடுத்ததைப் பார்த்தியா?"

"பார்க்கல. ஆனா வேற யாரு எடுப்பா?"

"பார்க்கலைன்னா பேசாதே."

சிஹோ மடோகாவிடம் திரும்பினாள். "வெள்ளிக்கிழமை துவைக்கிறதுக்கு வீட்டுக்குக் கொண்டுபோனியா?"

"எல்லா வாரமும்தான் கொண்டுபோறேன்."

"இன்னைக்குத் திரும்பக் கொண்டுவந்தியா?"

"எல்லா வாரமும்தான் கொண்டுவர்றேன்."

"நான் இன்னைக்குக் கேட்டேன்."

மடோகா தன் பையைத் திறந்து துழாவினாள். அதில் காலணி இல்லை.

சிஹோ விறுவிறுவென்று ஜன்னலருகே போனாள். தெருவுக்கு எதிர்ப்புறம் மடோகாவின் அடுக்குமாடி வீடு. மூன்றாவது மாடி பால்கனியில், காலுறைகளுக்கு நடுவே, இரண்டு வெள்ளைக் காலணிகள் காய்ந்துகொண்டிருந்தன.

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். கெங்கோவுக்குத்தான் பேசாமல் இருக்க முடியாதே.

"அப்போ வேணும்னே விட்டுட்டு வந்திருக்கா. சிஹோவை மாட்டிவிடத்தான்," என்றான்.

எல்லாத் தலைகளும் மடோகா பக்கம் திரும்பின. யாரோ "ஆமா ஆமா" என்றார்கள். மடோகாவின் கண்ணில் நீர் முட்டியது.

சிஹோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மறுபடியும் ஆரம்பிச்சுட்டியா? எனக்கு அவ மேல கோபம்தான். நீ சொன்னப்போ அவளும் வாயை மூடிட்டுத்தானே நின்னா? ஆனா அவ செய்யாததை அவ தலையில கட்ட விடமாட்டேன். என்ன நடந்துச்சுன்னு அவகிட்டயே கேளு."

கெங்கோ தலையைச் சொறிந்தான். பிறகு மெதுவாகக் கேட்டான். "என்ன ஆச்சு, மடோகா?"

"எழுந்திருக்கவே லேட்டாயிடுச்சு," என்றாள் மடோகா. "அவசரத்துல எடுக்க மறந்துட்டேன். சிஹோ, மன்னிச்சுக்கோ."