நாற்பத்தொன்றாம் ஆண்டின் துவர்ப்பு

வைன் நிலவறைக்குள் இறங்கியதும் அதன் காவலர் குலவீரசிங்கம் முதலில் குளிரூட்டியின் மூச்சைத்தான் கேட்பார். அது சீராக ஓடினால் கம்பளிச் சட்டைக்குப் பொத்தான் போடுவார். மேலே பிரான்சின் போர்தோ மண் அடுப்பாய்க் கொதித்தது. திராட்சைக் கொடிகள் கருகி ஒரு தலைமுறை ஆகிவிட்டது. வைன் வேண்டியவர்கள் வீட்டு அச்சுப்பொறியில் ஆண்டைத் தட்டி, அது அச்சிடும் வைனுக்குக் குவளையை நீட்டினார்கள்.

லார்மெல் பண்ணையில் மட்டும் 2041இன் சிவப்பு வைன் சில புட்டிகள் மிச்சம். மழையே காணாத அந்த ஆண்டில் பழம் மிளகளவுக்குத்தான் திரண்டது. பக்கத்துப் பண்ணைகள் கைகழுவிவிட்டன. இப்போதைய பண்ணைக்காரி ஒடீல் அம்மையாரின் தாயும், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கூலிக்கு நின்ற பெண்களும் விடாமல் பறித்து முடித்தார்கள். அந்தப் பெண்களில் ஒருத்தி குலவீரசிங்கத்தின் அம்மா. அதுவே அங்கே கடைசி அறுவடை.

புட்டிகளுக்குக் குளிர் தருவது அரசின் சுவைக் காப்பகம். அச்சு வைனுக்கு மூலம் ஒன்று மாறாமல் இருக்கவேண்டும் என்பது அதன் சட்டம். தக்கை மாற்றும் நாளில் ஒரு புட்டியைத் திறந்து, மற்றவற்றில் வற்றியதை அதைக்கொண்டு நிரப்புவார்கள். முன்பெல்லாம் எஞ்சியதில் முதல் குவளை தக்கை இழுத்தவருக்கு. காப்பகம் வந்தபின் எஞ்சியதெல்லாம் சுவையைச் சோதிக்கும் நாக்குப்பொறிக்கு. பிள்ளைபோல் பார்த்த வைனில் குலவீரசிங்கம் ஒரு சொட்டும் அறியார். மகளின் கலியாணத்தில் அதன் அச்சு வைனைத்தான் குடித்தார். வாழைக்காயைப் பச்சையாய்க் கடித்ததுபோல் வாய் இறுகிப்போனது.

அன்று தக்கை மாற்றும் நாள். காப்பகத்து நிரோஜன், பாரிசில் பிறந்த பிள்ளை, பொறியை இரண்டு தரம் ஓட்டிப் பார்த்தான்.

"அண்ணை, இது அந்த வைன் இல்லையெண்டு சொல்லுது."

"அப்ப நான் இவ்வளவு காலமும் காவல் காத்தது என்னத்தை?"

பொறி ஒப்பிடுவது புட்டியில் அடைத்தபோது எடுத்த பதிவோடு என்று நிரோஜன் விளக்கினான். போன முறை மயிரிழையில் தப்பியது. இந்த முறை துவர்ப்பு எல்லைக்குக் கீழே போய்விட்டது. பதிவை மாற்ற முடியாது. ஒப்பாத வைன் செத்த வைன். மாலையோடு குளிர் நின்றுவிடும்.

"தம்பி, நீ பிறந்த அண்டைக்கு எடுத்த படத்தைக் காட்டி, இது நீ இல்லையெண்டால் விடுவியோ?"

"எனக்கு விளங்குது அண்ணை. சட்டத்துக்கு விளங்கவேணுமே."

அருகில் நின்ற ஒடீல் அம்மையார் வாதாடவில்லை. இந்த வெக்கையில் புட்டிகள் தாங்காது என்று அவருக்குத் தெரியும். எல்லாத் தக்கைகளையும் இழுக்கச் சொன்னார், பண்ணையில் இருந்த அத்தனை பேரையும் கூப்பிடச் சொன்னார். காப்பகம் போனால் பழைய வழக்கம்தானே என்று முதல் குவளையைத் தன் கையாலேயே ஊற்றி நீட்டினார். குலவீரசிங்கம் தயங்கினார். இந்த வைன் பல்லைக் கழற்றும் என்று தன் தாய் சாகும்வரை திட்டியதாகவும், அதை அடங்கவைத்தவர் நீங்கள்தான் என்றும் அம்மையார் சொன்னார்.

வாய் இறுகும் என்று கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். இறுகவில்லை. மழை காணாத பழத்துக்குள் எங்கிருந்தோ மழை வந்திருந்தது. அசையாத ஒன்றுக்குக் காவல் இருப்பதாகவே இத்தனை காலம் நினைத்திருந்தார். அவருடைய முழங்கால் தேய்ந்த அதே ஆண்டுகளில், இருட்டுக்குள் அதுவும் கூடவே நடந்து வந்திருக்கிறது. அம்மாவின் வெடித்த விரல்களை நினைத்து, குவளையை ஒருமுறை நெற்றியில் ஒற்றிக்கொண்டார்.

நிரோஜன் பொறியைப் பெட்டிக்குள் வைத்து மூடினான். போகவில்லை.

"அண்ணை, எனக்கும் கொஞ்சம்…"

குலவீரசிங்கம் அவனுக்கு விளிம்புவரை ஊற்றினார். குளிரூட்டி ஒருதரம் இருமி நின்றது. அவர் எழுந்து ஓடவில்லை. கம்பளிச் சட்டையின் பொத்தான்களைக் கழற்றிவிட்டு, அடுத்த புட்டியை எடுத்தார்.