ஆள் நடமாட்டம்

“நேத்து அசருக்குப் பொறகு ஏன் புள்ள அவ்வளவு நேரம் செவரப் பாத்துக்கிட்டு நிண்ட?”

கட்டாரிலிருந்து முத்தலிப் அனுப்பியிருந்த குரல் பதிவு. ரிப்கா பாடசாலை ஓய்வறையில் போனைக் காதோடு ஒட்டிவைத்து அதை இரண்டு தடவை கேட்டாள். கணவனின் குரலில் கோபம் இல்லை. கொஞ்சம் கவலைதான் இருந்தது. நேற்று ஞாயிற்றுக்கிழமை. பின்னேரம் அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்ன நேரம் அவள் வீட்டுக்குப் பின்னால் பைப்படியில் குந்தியிருந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். மகள் அகீலா பக்கத்தில் இருந்து தலைகளை ஒவ்வொன்றாகப் பூனைக்கு எறிந்தாள். பொழுதுபட்டு மஃரிபு பாங்கு சொல்லும் வரைக்கும் இருவரும் முன் ஹோலுக்குள் கால் வைக்கவேயில்லை. இறால் முள் கீறிய எரிச்சல் விரல் நுனியில் இன்னும் இருந்தது.

‘நான் பின்னுக்கு இருந்தன் மச்சான். நீங்க வேற நாளைப் பாத்திருப்பீங்க’ என்று எழுதி அனுப்பினாள்.

அவன் அதைப் பார்த்துவிட்டான். பதில் வரவில்லை.

காத்தான்குடியில் வாவிப் பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில், ரிப்காவின் வாப்பா அவளுக்குச் சீதனமாகக் கட்டிக்கொடுத்த வீடு அது. போன லீவில் வந்த முத்தலிப், ஹோல் சுவரில் முகட்டோரமாக உள்ளங்கை அளவு வெள்ளைக் கெமரா ஒன்றை ஆணியடித்து மாட்டிவிட்டுப் போனான். அதன் வழியாகப் போனிலிருந்தே வீட்டைப் பார்க்கலாம், பேசவும் செய்யலாம். யாராவது அசைந்தால் இருவரின் போனுக்கும் ‘ஹோலில் ஆள் நடமாட்டம்’ என்று செய்தி வரும். தோஹாவில் ஒரு கடைத்தொகுதியின் கண்காணிப்பு அறையில் அவனுக்கு வேலை. ஐந்து வருடமாக, நாளைக்குப் பன்னிரண்டு மணித்தியாலம் பெயர் தெரியாதவர்களைத் திரையில் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதன், இடையில் தன் பிள்ளையின் முகத்தையும் பார்க்க ஆசைப்பட்டது பிழையென்று ரிப்காவால் சொல்ல முடியவில்லை. ஆனாலும் அன்றைக்கு ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி சொல்லிப் பார்த்தாள்.

“எனக்கு இது சரிவராது மச்சான்.”

“மறைக்கிறதுக்கு நமக்கிட்ட என்ன இரிக்கி?”

“மறைக்க ஒண்டுமில்லத்தான். அதுக்காக எல்லாத்தையும் தெறந்து போடணுமா?”

அவன் சிரித்துக்கொண்டே அடுத்த ஆணியை அடித்தான்.

அவள் தகவல் தொழில்நுட்ப ஆசிரியை. கடவுச்சொல்லை ஒருவருக்கும் சொல்லாதீர்கள், உங்களைப் பற்றிய தகவல் உங்களுடைய சொத்து என்று எட்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வருடாவருடம் சொல்லிக்கொடுப்பவள். பாடசாலையில் ஆசிரியர் அறைக்குக் கெமரா பூட்டியபோது, ‘பார்க்கப்படும் இடத்தில் யாரும் தானாக இருப்பதில்லை’ என்று முகநூலில் ஒரு வரி எழுதினாள். யாரோ அதைப் படமெடுத்து முத்தலிப்புக்கு அனுப்பிவிட்டார்கள். “ஊர்ல கதைக்கிறாங்க, அழிச்சிடு புள்ள” என்றான். அழித்தாள். அதற்குப் பிறகு எழுதியதைப் போடுவதற்கு முன்னமே அழிக்கப் பழகினாள். பிறகு எழுதவே தோன்றவில்லை.

வீட்டிலும் அப்படித்தான் ஆனது. ஹோலுக்குள் வரும்போது முந்தானையைச் சரிசெய்தாள். கதிரையில் காலைத் தூக்கிப் போட்டு உட்காருவது நின்றது. பிள்ளைக்கு ஏசுவதென்றால் குசினி அடுப்படிக்குக் கூட்டிப்போய் ஏசினாள். தனியாக இருக்கும்போது வாய்க்குள் முணுமுணுக்கும் பாட்டு, ஹோல் வாசலோடு தானாக நின்றுவிடும். உள்ளே போகிறவள் வேறொருத்தி போலவும், தான் வாசலில் நின்று அவளை அனுப்பிவைப்பது போலவும் சில நேரம் தோன்றும்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு முத்தலிப் அழைத்தான். குரலில் அப்படியொரு சந்தோசம்.

“நேத்து கெமராவப் பாத்துச் சிரிச்சியே, எனக்கு எப்பிடி இருந்திச்சு தெரியுமா? டியூட்டியில இருந்த பொடியன்களுக்கும் காட்டத் தோணிச்சு. காட்டல்ல.”

“நேத்தா? எத்தின மணிக்கு?”

“நாலு மணி இருக்கும் ஊர்ல.”

வியாழன் நாலு மணிக்கு அவள் பாடசாலையில் இருந்தாள். ஆசிரியர் கூட்டம். வரவுப் புத்தகத்தில் கையொப்பம் வைத்து, ஐந்து மணிக்குக் கொஞ்சம் முந்தித்தான் வீட்டுக்கு வந்தாள். அகீலா மத்ரஸாவில். வீடு பூட்டியிருந்தது.

அவள் போனை வைத்தாள். குசினிக்குள் போய் நின்றுகொண்டு, ஆறு மாதமாகத் தொடாமல் வைத்திருந்த கெமராச் செயலியைத் திறந்தாள். யாரோ உள்ளே புகுந்து விளையாடுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். பாடத்தில் சொல்லிக்கொடுக்கிற விசயம்தானே. கடவுச்சொல்லை மாற்றினாள். இணைந்திருக்கும் கருவிகளைப் பார்த்தாள். அவன் போனும் அவள் போனும்தான் இருந்தன. பிறகு வியாழன் நாலு மணிப் பதிவைத் தொட்டாள்.

ஹோல். வெளியே மாரி மழை பெய்யும் மங்கல் வெளிச்சம். நீளக் கதிரையின் நடுவில், முந்தானை நெற்றியோடு ஒட்டிப் போட்டு, இரண்டு கைகளையும் மடியில் வைத்து, அவள் உட்கார்ந்திருந்தாள். அவளேதான். இடது புருவத்துப் பழைய வெட்டுத் தழும்புகூட அப்படியே இருந்தது. கெமராவை அண்ணாந்து பார்த்துக்கொண்டு, பள்ளிப் படத்துக்கு நிற்கும் பிள்ளையைப் போல, மிகவும் ஒழுங்காகச் சிரித்துக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே காத்தாடி முழு வேகத்தில் சுற்றியது. மேசையில் கிடந்த பத்திரிகைத் தாள் படபடத்தது. அவளுடைய முந்தானை மட்டும் அசையவில்லை. நெஞ்சு ஏறி இறங்கவில்லை. ரிப்கா பதிவை ஓடவிட்டாள். ஐந்து நிமிடம். பத்து. நாற்பது நிமிடம் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது.

குசினி ஈரச் சீமெந்தின் குளிர் உள்ளங்காலில் ஏறியது. நாலு அடி தள்ளி அதே ஹோல், அதே கதிரை. எட்டிப் பார்த்தாள். யாருமில்லை. கதிரை மெத்தையின் நடுவில் சின்னதாய் ஒரு பள்ளம்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் முத்தலிப்புக்கு எல்லாவற்றையும் சொன்னாள்.

“உனக்குக் கெமரா விருப்பமில்ல. அத நேரடியாச் சொல்லு. கத கட்டாத.”

“சத்தியமா மச்சான். நான் ஸ்கூல்ல இருந்தன். கேட்டுப் பாருங்க.”

“அப்ப அது ஆரு?”

அவள் ஹோல் வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

“இஞ்ச பாரு ரிப்கா,” என்றான் கடைசியில், மெதுவாக. “நீ என்னோட போன்ல கதைக்கிற நேரமெல்லாம் சண்டதான். கெமராவுல பாக்கக்குள்ள எவ்வளவு அமைதியா, நல்லா இரிக்கிறா. எனக்கு அது போதும். அதையும் பறிக்காத.”

அன்றிரவு பிள்ளையை அணைத்துக்கொண்டு அறைக் கதவைப் பூட்டிப் படுத்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

சனிக்கிழமை காலையிலிருந்தே மழை. பிற்பகல் மூன்றே கால் மணிக்கு உசனார் காக்காவின் ஓட்டோவில் அகீலாவை மத்ரஸாவுக்கு ஏற்றிவிட்டாள். ஊரெல்லாம் காக்கா, அண்ணன் என்று கூப்பிடும் அவர் அவளுடைய வாப்பாவின் கூட்டாளி. பிள்ளையைக் கொண்டுபோய் விடுவதும், ஐந்து மணிக்குக் கூட்டிவருவதும் அவர்தான். ஓட்டோ திரும்பியதும், ரிப்கா ஏணியை எடுத்துவந்து ஹோலில் வைத்து ஏறினாள். கெமராவைப் பிடுங்கினாள். வயர் பிய்ந்து பாதி கையோடு வந்தது. வெள்ளைப் பிளாஸ்டிக் இளஞ்சூடாக இருந்தது, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றி இருக்கும் அளவுக்கு.

வீட்டைப் பூட்டிக்கொண்டு குடையோடு இறங்கினாள். வாவிக்கரைக்கு ஐந்து நிமிட நடை. மாரித் தண்ணீர் கரையை விழுங்கி, கண்டல் மரங்களின் இடுப்பளவுக்கு ஏறியிருந்தது. எதிர்க்கரை தெரியவில்லை. சேற்றின் மணமும் அழுகிய சல்பீனியா நீர்ச்செடியின் மணமும் மழையோடு கலந்து தொண்டைக்குள் இறங்கின. கரையில் கவிழ்த்துவைத்த தோணிகள், தூரத்தில் கொக்கு ஒன்று, வேறு ஒரு உயிரும் இல்லை. அவள் கெமராவைத் தன்னால் முடிந்த தூரத்துக்கு எறிந்தாள். அது ஒரு தடவை மிதந்து, தன் கறுப்புக் கண்ணை வானத்துக்குக் காட்டி, பிறகு போனது.

ஆறு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவள் ஆழமாக மூச்சு விட்டாள். அந்த மழையில், தனியாக, முணுமுணுத்துப் பாடவும் செய்தாள். ஒரு பாட்டு முழுக்க.

போன் அதிர்ந்தது.

‘ஹோலில் ஆள் நடமாட்டம்.’

பழைய செய்தி பிந்தி வந்திருக்கும் என்று நினைத்தாள். நேரத்தைப் பார்த்தாள். 3.52. இப்போதைய நேரமும் அதுதான்.

மறுபடி அதிர்ந்தது. மறுபடியும்.

திறந்தாள். நேரலை. ஹோல் தெரிந்தது, கெமரா இருந்த அதே உயரத்திலிருந்து. ஏணி சுவரோரம் அவள் விட்டபடியே நின்றது. நீளக் கதிரையில் அவள் இருந்தாள். தலையை ஒரு பக்கம் சாய்த்து எதையோ கேட்டாள். பிறகு எழுந்தாள். வாசலை நோக்கி நடந்தாள்.

போனுக்குள் ஓட்டோச் சத்தம். உசனார் காக்காவின் குரல்.

“மழ கூடிட்டு மகள். மத்ரஸாவ நேரத்தோட உட்டுட்டாங்க. புள்ளயப் புடிங்க.”

“சரி காக்கா. போய்ட்டு வாங்க.”

அவளுடைய குரல். அவளுடையதைவிட இனிமையாக.

அகீலா நனைந்த பையோடு ஓடிவந்து அந்த இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

குடை எங்கே விழுந்ததென்று ரிப்காவுக்குத் தெரியாது. ஓடினாள். ஒழுங்கை முழுக்க முழங்கால் தண்ணீர். செருப்பு கழன்றது. முத்தலிப்புக்கு அழைத்தாள். வேறொரு அழைப்பில் இருந்தான். மறுபடி அழைத்தாள். எடுக்கவில்லை. நேரலையிலிருந்து அவன் குரல் கேட்டது, ஹோலுக்குள்ளிருந்து, தெளிவாக.

“இண்டைக்கு என்ன புள்ள சமையல்?”

“உங்களுக்கு விருப்பமானதுதான் மச்சான்.”

அவன் சிரித்தான். கல்யாணம் முடித்த புதிதில் சிரித்த சிரிப்பு.

வாசல். திறப்பைப் பூட்டுக்குள் போட்டாள். சுற்றியது. கதவு நகரவில்லை. உள்தாழ்ப்பாள்.

தட்டினாள். இரண்டு கையாலும் தட்டினாள். “அகீலா! மனே! கதவத் தெற!”

உள்ளே பேச்சு நின்றது.

“ஆரு கதவத் தட்டுற?” முத்தலிப் கேட்டான்.

“ஒருத்தருமில்ல. மழ.”

பக்கத்து ஜன்னலுக்கு ஓடினாள். திரை முக்கால்வாசி விலகியிருந்தது. கண்ணாடியில் வழிந்த நீரைக் கையால் துடைத்து உள்ளே பார்த்தாள். கதிரையில் அவள். மடிக்கு முன்னால் தரையில் அகீலா. அந்தக் கைகள் பிள்ளையின் ஈரத் தலையைத் துவட்டி, வகிடு பிரித்து, அவசரமில்லாமல் பின்னிக்கொண்டிருந்தன. இருவரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே சுவரில் இரண்டு ஆணித் துளைகளும் பிய்ந்த வயரும்தான். அதைப் பார்த்துத்தான் சிரித்தார்கள்.

ரிப்கா கண்ணாடியில் அறைந்தாள்.

அகீலா திரும்பினாள். பார்த்தாள். மழையில் வாசலுக்கு வந்து நிற்கும் ஊர் பேர் தெரியாத ஒருத்தியைப் பார்ப்பதுபோல, தலைமுடியிலிருந்து வெறுங்கால் வரைக்கும் பார்த்தாள்.

“உம்மா,” என்றாள், முகத்தைத் திருப்பாமலே. “ஆரும்மா அது?”

“பாக்காத மனே. திரைய இழுத்து உடு.”

பிள்ளை எழுந்து வந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒரு சாண் தூரத்தில், அவளுடைய முகம். மருதோண்டிச் சிவப்பு இன்னும் போகாத சின்ன விரல்கள் திரைத்துணியைப் பிடித்தன.

இழுத்து மூடின.