முந்திக்கொண்ட சிரிப்பு

"இல்ல, நீங்க முன்னாடியே சிரிச்சீங்க."

"எல்லாரும்தான் சிரிச்சாங்க. கூரை பறந்துடும்போல இருந்துச்சு."

"எல்லாரும் அந்தப் பொம்மை கையைத் தூக்கினதுக்கு அப்புறம் சிரிச்சாங்க. நீங்க அது தூக்கறதுக்கு முன்னாடியே சிரிச்சுட்டீங்க."

"ஊகிச்சிருப்பேன். பேய்ப் படம்னா பொணம் எழுந்திரிக்கும்னு கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும்," என்றான் ஃபாஸ்டோ. கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, மனைவி பற்றிக்கொள்ளட்டும் என்று முழங்கையை நீட்டினான். மிரேயா பற்றிக்கொள்ளவில்லை.

மாதா கோயில் மண்டபத்திலிருந்து கூட்டம் இன்னும் வெளியே கசிந்துகொண்டிருந்தது. மேட்டுப் புல்வெளியிலிருந்து இறங்கிய மூடுபனி சான் ஹசிந்தோ ஊரின் சதுக்கத்தை வாய்வரை நிரப்பிவிட்டு விளக்குக் கம்பங்களின் தலையை மட்டும் விட்டுவைத்திருந்தது. மண்டப வாசலில் கறிக்கடை போட்டிருந்த செனைடா அம்மாளின் செப்புச் சட்டியில் பன்றிக் கறி தன் கொழுப்பிலேயே வறுபட்டுக்கொண்டிருந்தது. படம் ஓடிய நேரம் முழுக்க அந்த வாசனை உள்ளேயும் இருந்தது. திரையில் எரிந்ததெல்லாம் அந்த வாசனையோடுதான் எரிந்தது.

"சிரிச்சுச் சிரிச்சு வயிறு புண்ணாயிருச்சு," என்று ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். "எரிஞ்ச பொம்மை வீடு வீடாப் போய் உயில் படிக்குதே, அம்மாடி!"

"தூ! இதெல்லாம் ஒரு படமா? எனக்குக் குமட்டிக்கிட்டு வருது."

"செத்தவன் பழி வாங்கட்டும்யா, நான் வேணாங்கல. அதுக்காகக் குடலை உருவி ரிப்பன் கட்டணுமா?"

"அந்த எடம்தான் எனக்குப் பிடிச்சதே!"

"பிடிக்கும், பிடிக்கும். படம் எடுத்தவ நம்ம ஊரைப் பாத்துத்தான் சிரிக்கறா, அதுகூடத் தெரியாம நீயும் சேந்து சிரி."

படம் எடுத்த யெசேனியா இந்த ஊர்ப் பெண். டிரம்பெட் வாசித்துக்கொண்டிருந்த செகுந்தோவின் ஒரே மகள். செகுந்தோ ஸ்பெயினுக்குப் போய், போனவன் போனவனாகவே ஆகிவிட்ட பிறகு, அவளைத் தலைநகர் கீட்டோவில் சித்தி வளர்த்தாள். அவள் எடுத்த முதல் படம். வருஷக் கடைசி இரவில் பழைய வருஷத்துக்கென்று செய்து, அதன் பெயரில் கேலி உயில் படித்து எரிக்கும் பொம்மைகளில் ஒன்று சாம்பலிலிருந்து எழுந்து, தான் எரிந்தபோது சிரித்தவர்களைத் தேடிப் போகிறது. ஒவ்வொருவனுக்கும் கிண்டலாக ஒரு உயில் படிக்கிறது. பிறகு அவனவன் பங்கை அவனவன் உடம்பிலிருந்தே எடுத்துக் கொடுக்கிறது. இந்த ஊரில்தான் முதலில் காட்டுவேன் என்று அடம்பிடித்தாளாம். இன்றைக்கு முன்னால் அதை வெளியாள் எவரும் பார்த்ததில்லை.

இருவரும் வீட்டை நோக்கி நடந்தார்கள். மறுநாள் எரிக்க வேண்டிய பொம்மைகள் தெரு நெடுக வாசல்படிகளில் உட்கார்ந்திருந்தன; மரத்தூள் அடைத்த கால்சட்டைகள், கயிற்றால் இறுக்கிய இடுப்புகள், காகிதக்கூழ் முகமூடிகள், பனியின் ஈரத்தில் ஊறி மார்புக்குள் புதைந்துபோன தலைகள். ஈர மரத்தூளின் புளித்த வாடையும், சாக்கடையின் வாடையும், ஃபாஸ்டோவின் கையிலிருந்த காகிதப் பொட்டலத்திலிருந்து கசிந்த கொழுப்பு வாடையும் ஒன்றாகச் சேர்ந்து அவள் தொண்டையில் படிந்தன. விழுங்கினாள். போகவில்லை.

அந்தக் காட்சி அவள் கண்ணைவிட்டு அகலவில்லை. திரையில் வெறும் நெருப்பு. பொம்மையின் முழங்காலை நெருப்பு எட்டுகிறது. சத்தமே இல்லை, அரங்கில் ஒரு இருமல்கூட இல்லை. அந்த அமைதிக்குள் அவள் பக்கத்து நாற்காலியில் ஒரு சிரிப்பு. அதே மூச்சில், முன்வரிசையில் இடது ஓரம் ஒன்று. பின்னால், கதவுப் பக்கம் இன்னொன்று. அதற்கப்புறம்தான் பொம்மை குத்துச்சண்டைக்காரனைப் போல இரண்டு முஷ்டியையும் முகத்துக்கு நேரே மெல்ல உயர்த்தியது. அதற்கப்புறம்தான் ஊர் வெடித்துச் சிரித்தது.

முன்வரிசைச் சிரிப்பு பேக்கரி ஒல்மெடோவுடையது. கதவுப் பக்கம் இருந்தது லாரி ஓட்டும் கிளேவர். மூவரும் பால்ய சிநேகிதர்கள்.

வீட்டுச் சமையலறையில் ஃபாஸ்டோ பொட்டலத்தைப் பிரித்தான். அவித்த வெள்ளைச் சோளத்தின் மேல் கறித்துண்டுகள். பட்டை போட்டுக் காய்ச்சிய சாராயத்தை ஒரு குவளையில் ஊற்றிக்கொண்டான், உடனே இன்னொன்று.

"மரத்தூள் எரிஞ்சா கையைத் தூக்குமா?" என்று கேட்டாள்.

"விட மாட்டியா நீ?"

"தூக்குமா?"

"கம்பி வச்சுக் கட்டினாத் தூக்கும்." விரலை நக்கினான். "நானும் ஒருதரம் கட்டினேன். கல்யாணத்துக்கு முன்னாடி. நாங்க மூணு பேரும் சேந்து. அந்த வருஷம் ஊர்லயே எங்க பொம்மைக்குத்தான் பரிசு. அந்த மிக்ஸி அதுல கெடச்சதுதான்."

மிரேயா அலமாரியைப் பார்த்தாள். கடற்கரை ஊரிலிருந்து இவனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாள் முதல் அவள் அந்த மிக்ஸியில்தான் மிளகாய் அரைக்கிறாள்.

"கம்பி வச்சா கட்டினீங்க?"

அவன் மென்றுகொண்டே இருந்தான். மென்று முடிக்க வெகு நேரம் பிடித்தது.

"இல்ல," என்றான்.

அதற்குப் பிறகு அவனே சொன்னான். நெடுநாள் இறுகியிருந்த காலணியைக் கழற்றுகிறவன்போல, ஒருவித ஆசுவாசத்தோடு சொன்னான்.

"செகுந்தோ மூக்கு முட்டக் குடிச்சுட்டு பேக்கரிக்குப் பின்னாடி கெடந்தான். இவனுக்கு முகமூடி மாட்டிப் பொம்மைங்களோட உக்கார வைப்போம், உயில் படிக்கறப்ப முழிச்சுக் கத்துவான், ஊரே சிரிக்கும்னு ஒல்மெடோதான் சொன்னான். விளையாட்டு. வேற ஒண்ணுமில்ல."

"முழிக்கலையா?"

"கிளேவர் பெட்ரோல் ஊத்தறான். இப்ப முழிச்சுருவான், இப்ப முழிச்சுருவான்னு பாத்துக்கிட்டே இருக்கோம். யாரோ கொளுத்திட்டாங்க."

"நிறுத்தியிருக்கலாமே!"

"எல்லாரும் கை தட்டிக்கிட்டு இருந்தாங்க, மிரேயா."

அவ்வளவுதான் அவன் சொன்ன காரணம். அது போதாது என்பதுகூட அவனுக்குத் தோன்றவில்லை.

"காலையில நாங்களே சாம்பலை வாரினோம். ஸ்பெயின் போயிட்டான்னு சொன்னோம். அந்த வருஷம் ஊர்ல பாதி ஆம்பளைங்க ஸ்பெயினுக்குத்தான் போனாங்க. யாரும் ஏன்னு கேக்கல."

"அந்தப் பொண்ணு?"

"யெசேனியாவா? என் தோள் மேலதான் உக்காந்திருந்தா. கூட்டத்துல மறைக்குதுன்னு அழுதா, நான்தான் தூக்கி வச்சுக்கிட்டேன். அவன் கையைத் தூக்கினப்ப அவளும் சிரிச்சா. குலுங்கிக் குலுங்கி. என் முடியைப் பிடிச்சுக்கிட்டு." இன்னொரு துண்டை எடுத்தான். "ஒண்ணு தெரியுமா? அன்னைக்கு செனைடா சட்டியில ஒரு துண்டு மிச்சமில்ல. அந்த வாசனைக்கு ஊருக்கே பசி எடுத்துருச்சு."

சிரித்தான். மூக்கு வழியாக, சின்னதாக. உதட்டில் எண்ணெய் மினுங்கியது. காகிதத்தில் கொழுப்பு ஆறி, வெள்ளையாக உறைந்துகொண்டிருந்தது.

அவள் கொல்லைக்கு ஓடி, துணி துவைக்கும் கல்லின் மேல் குனிந்தாள். வாந்தி வரவில்லை. கசப்பான எச்சில் நூல் மட்டும் உதட்டிலிருந்து தொங்கியது. இத்தனை வருஷமும் அந்தக் கை அவள் தலைமுடியைக் கோதியிருக்கிறது. அந்த வாய் அவள் வாயைத் தொட்டிருக்கிறது. கல்லைப் பற்றிக்கொண்டு நின்றபோதுதான் இன்னொன்று நினைவுக்கு வந்தது.

யெசேனியா படத்தைப் பார்க்கவில்லை.

மேடையின் விளிம்பில் முழங்காலைக் கட்டிக்கொண்டு, திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். தான் எடுத்ததைத் தானே பார்க்கக் கூச்சம்போல என்று மிரேயா நினைத்திருந்தாள். கூச்சமில்லை. அவள் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மூன்று சிரிப்புகள் எழுந்தபோது அவள் தலை மூன்று முறை திரும்பியது. முன்வரிசை. கதவு. ஃபாஸ்டோ. சந்தையில் கோழி பொறுக்குகிறவளைப் போல, நிதானமாக.

யார் ரசித்தார்கள், யார் காறித் துப்பினார்கள் என்பது அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. முழுப் படத்தையும் அவள் எடுத்தது அந்த ஒரு நொடி அமைதிக்காக. அன்றைக்குச் சிரித்த ஊர் எப்போதோ மறந்துவிட்டது; அடுத்து என்ன வரும் என்று இன்னும் தெரிந்தவன் எவன்?

உள்ளே போய்ச் சொன்னால் போதும். ஒரே ஒரு வார்த்தை. அவன் விடிவதற்குள் ஆம்பாட்டோவுக்குப் பஸ் ஏறிவிடுவான், உயிர் பிழைத்துவிடுவான்.

"என்ன, வயிறு சரியில்லையா?" உள்ளேயிருந்து அவன் குரல். "வா, உனக்குக் கொஞ்சம் தோல் எடுத்து வச்சிருக்கேன். மொறுமொறுன்னு இருக்கு!"

மிரேயா வாயைத் துடைத்துக்கொண்டாள். உள்ளே போனாள். ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் மதியம் யெசேனியா வாசலில் வந்து நின்றாள். சிறிய உடம்பு, பெரிய கம்பளிச் சால்வை. சால்வையிலிருந்து பெட்ரோல் மணக்கவில்லை; சோப்புதான் மணத்தது. அது ஏனோ இன்னும் பயமாக இருந்தது.

"சாயங்காலம் ஃபாஸ்டோ மாமாவைக் கொஞ்சம் அனுப்பி வைக்கறீங்களா, அக்கா? ஒல்மெடோ மாமாவும் கிளேவர் மாமாவும் வராங்க. ஆளுக்கு ஒரு மடக்குக் குடிச்சுட்டு, எனக்குப் பொம்மை கட்டச் சொல்லிக் குடுக்கணும். அவங்க கட்டின மாதிரி இந்த ஊர்ல யாரும் கட்டினதில்லையாமே."

மிரேயா தலையை மட்டும் ஆட்டினாள்.

"நேத்து நீங்க சிரிக்கவே இல்ல," என்றாள் யெசேனியா.

"எனக்கு அந்த மாதிரிப் படம் பிடிக்காது."

"எனக்கும்," என்றாள் அந்தப் பெண்.

ஃபாஸ்டோ சந்தோஷமாகக் கிளம்பினான். "பாத்தியா, அவளுக்கு ஒரு எழவும் தெரியாது. நீதான் ராத்திரி பூரா தூங்காம மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டிருந்த," என்று கன்னத்தைக் கிள்ளினான். அவன் தெருமுனை திரும்பும்வரை கூப்பிட்டுவிடலாம் என்றுதான் அவள் நின்றாள். வாய் திறந்துதான் இருந்தது. அவன் திரும்பிவிட்டான்.

இருட்டிய பிறகும் அவன் வரவில்லை. தெருவில் வாத்தியம் போனது. கறுப்பு உடை போட்டு, உதட்டில் சாயம் பூசி, பழைய வருஷத்தின் விதவைகளாக வேஷம் கட்டிய பையன்கள் வீடு வீடாக ஒப்பாரி வைத்துக் காசு கேட்டுப் போனார்கள். வருஷத்தின் கடைசி நாழிகையில் அவள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சதுக்கத்துக்கு நடந்தாள். கால்கள் அவளைக் கேட்காமலே நடந்தன.

பேக்கரிக்கு முன்னால் பொம்மைகள் குவிந்திருந்தன. குவியலின் நடுவே ஒரு பெஞ்சு. பெஞ்சில் தோளோடு தோள் சாய்ந்து மூன்று பொம்மைகள். ஒன்றுக்குக் கிழவன் முகம். ஒன்றுக்குப் பிசாசு. நடுவில் இருந்ததற்குக் கன்னம் உப்பிய, பல் தெரியச் சிரிக்கும் முகம். யாரோ உயில் படித்துக்கொண்டிருந்தார்கள். நேற்றுக் குமட்டுகிறது என்றவள் சிரித்தாள். குடலை உருவணுமா என்று கேட்டவனும் சிரித்தான். செனைடாவின் சட்டி கொதித்தது.

மிரேயா முன்னால் வந்தாள்.

நல்ல குளிர். நடுப் பொம்மையின் பற்களுக்கு நடுவே ஒரு துளை. துளையிலிருந்து வெண்மையாக ஒரு நூல். ஆவி. கரைந்தது. மறுபடியும் வந்தது. கிழவன் வாயிலிருந்தும். பிசாசின் வாயிலிருந்தும்.

மெதுவாக. ஆழ்ந்த தூக்கத்தின் தாளத்தில்.

யாரும் பார்க்கவில்லை.

நடுப் பொம்மையின் ஒவ்வொரு மூச்சின் கடைசியிலும் ஒரு சின்ன விசில். கட்டிலில் அவன் பக்கத்தில் படுத்தவளுக்கு மட்டுமே தெரிந்த விசில்.

பெட்ரோல் வாசனை. ஈரமான கால்சட்டைகள்.

பக்கத்தில் யெசேனியா. கையில் துணி சுற்றிய தடி, நுனியில் நெருப்பு. நெருப்பின் வெளிச்சத்தில் அவள் முகத்தில் கோபம் இல்லை. எதுவுமே இல்லை. தடியை மிரேயாவின் கைக்குள் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடிவிட்டாள்.

"ஒரு விதவைதான் கொளுத்தணும்," என்றாள் காதோடு. "இந்த மீசை வச்ச விதவைங்க வேணாம்."

"கொளுத்து! கொளுத்து!" என்றது கூட்டம். கைகள் தட்டின. மணி அடிக்கத் தொடங்கியது.

விசில் நின்றது.

நடு முகமூடியின் கண் துளைக்குள் ஏதோ ஈரமாக அசைந்தது. ஒரு கண். திறந்தது. நெருப்பைப் பார்த்தது. அவளைப் பார்த்தது. தலை தள்ளாடி ஒரு விரற்கடை உயர்ந்தது.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எப்படிக் கட்டியிருக்கிறான் பார் என்று யாரோ கத்தினார்கள்.

அந்தச் சிரிப்புக்கு அடியில், அவளுக்கு மட்டும் கேட்கிற தூக்கக் கலக்கக் குரலில், அது பேசியது:

"மிரேயா… மூச்சு முட்டுது. இதைக் கொஞ்சம் கழட்டி விடேன்."