தோலுக்குள் ஒரு திருட்டு வழி

சமையற்கட்டு வாசலில் நீலாவதியின் உடல் குப்புறக் கிடந்தது!

பக்கத்தில் க்ரீம் டப்பா. மூடி திறந்திருந்தது. விரலால் வழித்த தடம்...

பக்தவத்சலம் கதவைத் தாழிட்டான். பாடிக்கொண்டிருந்த டிரான்சிஸ்டரை அணைத்தான்.

தீவில், ஃபீனிக்ஸ் பே துறைமுகத்துப் பக்கம் ஷெட் போட்டு முகக் க்ரீம் தயாரிப்பவன் அவன். இந்த டப்பா மட்டும் மனைவிக்கென்று தனியாக இன்று காலையில் கலக்கியது.

"நீலா..."

காலால் தட்டிப் பார்த்தான்; அசைவில்லை.

சிரித்தான். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"மெட்ராஸ் கப்பல்ல எஸ்டர்னு ஒரு கெமிக்கல் வந்துச்சே, என்னன்னு கேட்டியே! இப்ப சொல்றேன். எண்ணெய் மாதிரிதான்... ஆனா பிசுபிசுக்காது. காஞ்சு தூக்கிட்டு நிக்கிற தோலைப் படிய வைக்கும். சந்துல எல்லாம் பூந்துக்கும். அதான் வழவழப்பு! பூந்தா தனியாப் போகாது... கூட இருக்கிறதையும் உள்ள கூட்டிட்டுப் போகும். நான் கூட அனுப்பினது தோட்டத்துப் பூச்சி மருந்து!"

நெற்றி ஏனோ வியர்த்துக் கொட்டியது. துடைத்துக்கொண்டான்.

"அடுத்த கப்பல்ல ஹட் பேயிலருந்து ரீத்தா வந்துடுவா. இனி அவதான் இந்த வீட்டுக்கு..."

"அப்ப நான் எங்க போறது?"

பிணம் எழுந்து உட்கார்ந்தது!

முக்காலி சாய்ந்தது.

"கட்டின நாள்லருந்து ஒரு முழம் பூ வாங்கித் தராத மனுஷன், க்ரீம் குடுத்தா சந்தேகம் வராதா? சேவல் கொண்டையில தடவிப் பார்த்தேன். கொஞ்ச நேரத்துல காலை இழுத்துக்கிச்சு. நீங்க வந்து என்னதான் பேசறீங்கன்னு கேக்கப் படுத்தேன்."

அவன் அவள் கழுத்துக்குப் பாய்ந்தான்.

முடியவில்லை... கால்கள் துவண்டன. தரையில் விழுந்தான். எச்சில் ஊறி வழிந்தது. பார்வை மங்கியது.

"அடிப்பாவி... எனக்கு எதுல கலந்தே?"

"நான் எதையும் தொடலையே!"

அப்போதுதான் உறைத்தது.

காலையில் ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டுதான் கலக்கினான். கலக்கக் கலக்க ரப்பர் ஊறித் தொளதொளத்தது... உள்ளே விரல்கள் வழுக்கின. வியர்வை என்று நினைத்தான். எஸ்டர் தோலை என்ன செய்யும் என்று அறிந்தவன், ரப்பரை என்ன செய்யும் என்று யோசிக்கவில்லை!

"ஆஸ்பத்திரி... ஜல்தி, நீலா... உன் கால்ல விழறேன்..."

"விழுந்துதானே கிடக்கீங்க?"

முக்காலியை நிமிர்த்தி, நிதானமாக உட்கார்ந்தாள் நீலாவதி. வியர்வையில் குளித்த அவன் முகத்தைக் குனிந்து பார்த்தாள்.

"அட, மூஞ்சி என்னமா மின்னுது! சரக்கு அசல் சரக்குதாங்க!"