எட்டு ஊக்குகளும் ஒரு பிரபஞ்சமும்

ஏழாவது வரிக்கு வந்ததும் பொத்தானுக்குத் தலை கிறுகிறுத்தது. தையற்கடைக்காரர் மகள் என்பதால் வகுப்பில் அவளுக்கு அந்தப் பெயர்.

முதல் ஆறு வரிகள் பரவாயில்லை. பிரபஞ்சத்துக்கு ஒரு தொடக்கம் உண்டு. அது விரிந்துகொண்டே இருக்கிறது. தொலைவில் உள்ள நட்சத்திரக் கூட்டங்கள் நம்மை விட்டு விலகிப் போகின்றன. அவற்றின் ஒளி சிவப்புப் பக்கமாக நகர்ந்து தெரிவதே அதற்குச் சாட்சி. இது வரைக்கும் சரி.

ஏழாவது வரி இப்படி இருந்தது: "ஆகவே, பிரபஞ்சத்தின் நடுவில் இருப்பது நாமே!" அதன் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடுகள் வேறு.

எழுதியவன் ரேடியோ. வகுப்பில் வாயே மூடமாட்டான் என்பதால் வந்த பெயர். நாளை நடக்கும் விவாதப் போட்டிக்காக நான்கு நாள் உட்கார்ந்து இதை எழுதினான். ஐந்தாம் நாள் பார்த்துத் தொண்டை கட்டிக்கொண்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. அதனால் தாளைப் பொத்தான் கையில் திணித்துவிட்டு, ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தான்: "ஏழாவது வரியைச் சத்தமாகப் படி. பேச்சுக்கு அதுதான் உயிர்."

எல்லாம் நம்மை விட்டு விலகினால் நாம் நடுவில் என்று ஆகிவிடுமா? ஆகும்போலவும் இருந்தது, ஆகாதுபோலவும் இருந்தது. யோசிக்க யோசிக்க நூல்கண்டு சிக்கிக்கொண்ட மாதிரிதான் ஆனது. புரியாததைப் படித்தால் எதிரணி வக்கீல் கிழித்துத் தொங்கவிடுவான். வக்கீல் என்பதும் பட்டப்பெயர்தான். படிக்காமல் விட்டாலோ, ரேடியோ முகம் தொங்கிப்போகும். அதைப் பார்க்கப் பொத்தானால் முடியாது.

"அங்க என்ன முணுமுணுப்பு? இந்த எலாஸ்டிக்குல ஒரு இடுப்பளவு வெட்டி, எட்டா பிரிச்சு ஊக்கு குத்திக் கொடு" என்றார் அம்மா, தையல் இயந்திரத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

அம்மாவின் தையற்கடையில் பள்ளிக் கால்சட்டைகள் மலைபோலக் குவிந்திருந்தன. இடுப்பு எலாஸ்டிக் எப்போதும் துணியைவிடக் குட்டையாகத்தான் இருக்கும். அதைச் சமமாகப் பிரித்து ஊக்கு குத்த வேண்டும். பிறகு ஊக்குக்கு ஊக்கு இழுத்துப் பிடித்துத் தைத்தால் சுருக்கம் ஒரே சீராக விழும். பொத்தானுக்கு இது கைவந்த வேலை.

ஆனால் இன்று அவள் மனம் அங்கே இல்லை. எலாஸ்டிக்கை இழுத்து வைத்தே அளந்து வெட்டி, இரண்டு முனைகளையும் மேசை ஆணிகளில் மாட்டினாள். நான்கு விரற்கடைக்கு ஒன்றாக எட்டு ஊக்குகளைக் குத்தினாள். கழற்றியதும் ஊக்குகள் சடக்கென்று நெருங்கி வந்து ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. மிஞ்சிய நீட்டம் ஒரு பொடியன் கால்சட்டைக்குத்தான் காணும்!

"இழுத்து வச்சா அளந்த?" அம்மா நெற்றியில் தட்டிக்கொண்டார். "தலையை எங்க வச்சுட்டு வந்த?"

"பிரபஞ்சத்துலம்மா."

"நல்ல இடம்தான். அங்க யாருக்காவது கால்சட்டை வேணுமான்னு கேட்டுட்டு வா."

பொத்தான் சிரிக்கவில்லை. எலாஸ்டிக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி இழுத்தாள். விட்டாள். மூன்றாவது ஊக்கை மேசையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு இழுத்தாள். பிறகு ஆறாவது ஊக்கை.

"அம்மா, இந்தத் துண்டை நாளைக்கு ஒரு நாள் எனக்குத் தர்றியா?"

"சாயங்காலம் திரும்பி வரணும். ஊக்கும் எட்டு இருக்கணும்."

மறுநாள் மேடையில் ஏறிப் பொத்தான் தாளைப் படிக்கத் தொடங்கினாள். முதல் பெஞ்சில் கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு ரேடியோ உட்கார்ந்திருந்தான். அவள் படிக்கப் படிக்க அவன் உதடுகளும் அசைந்தன. ஏழாவது வரி வந்ததும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான்.

பொத்தான் நிறுத்தினாள்.

"டீச்சர், இந்த இடத்துல எனக்குக் குழப்பமா இருக்கு. இதை எழுதுன ரேடியோ மேல வரலாமா? வக்கீலும் வந்தா நல்லது."

அறிவியல் டீச்சர் தலையாட்டினார். வக்கீல் எலாஸ்டிக்கின் ஒரு முனையைப் பிடித்தான். மறுமுனையைப் பொத்தான் பிடித்தாள்.

"ரேடியோ, மூணாவது ஊக்கை மேசையில அழுத்திக்கோ. அதுதான் நாம. இப்போ பாரு."

இருவரும் இழுத்தார்கள். மற்ற ஏழு ஊக்குகளும் விலகின. பக்கத்தில் இருந்தது கொஞ்சம் விலகியது, தூரத்தில் இருந்தது நிறைய விலகியது. ரேடியோ பெருமையாக நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். நடுவில் நாம்தான்!

"இப்போ ஆறாவதுக்குப் போ."

மறுபடி இழுத்தார்கள். ஆறாவதை விட்டும் எல்லாம் விலகின. ரேடியோ கண்ணைக் கசக்கிக்கொண்டு இரண்டாவதைப் பிடித்துப் பார்த்தான். ஐந்தாவதைப் பிடித்துப் பார்த்தான். எந்த ஊக்கைப் பிடித்தாலும் அதுவே நடு என்று தோன்றியது.

அவன் முகம் கொஞ்சம் வாடத்தான் செய்தது. பொத்தான் அவனையே பார்த்தாள். 'தப்பு பண்ணிட்டேனோ?'

"அட, எல்லாம் விரியுதுன்னா நாமும் விரியணுமே?" வக்கீல் விடவில்லை. "என் சட்டை மட்டும் ஏன் வருஷா வருஷம் இறுக்கமாகுது?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது.

"எலாஸ்டிக் நீளுது, ஊக்கு நீளலையே? கெட்டியாச் சேர்ந்திருக்கறது அப்படியேதான் இருக்கும்."

"சரி, விரியுதுன்னே வச்சுக்கோ. தொடக்கம் இருந்துச்சுன்னு எப்படிச் சொல்ற?"

பொத்தான் தன் கைப்பிடியைத் தளர்த்தினாள். ஊக்குகள் நெருங்கி வந்தன. "விலகிப் போறதுன்னா முன்னாடி கிட்ட இருந்திருக்கணும். இன்னொன்னும் இருக்கு. எங்க அம்மா இஸ்திரி போட்டு வச்ச துணியைத் தொட்டா இதமா சுடும். பெட்டியைப் பார்க்காமலே சூடு பட்டிருக்குன்னு தெரிஞ்சுடும். வானத்துலயும் எந்தப் பக்கம் அளந்தாலும் அப்படி ஒரு மிச்சச் சூடு இருக்காம். ரொம்ப ரொம்பக் கொஞ்சம். இது ரேடியோ எழுதுன ஒன்பதாவது வரி."

வக்கீல் கையிலிருந்த முனையை உற்றுப் பார்த்தான். "ஆனா எலாஸ்டிக்குக்கு முனை இருக்கே. பிரபஞ்சத்துக்கு முனை எங்க?"

பொத்தானும் தன் முனையைத் திருப்பிப் பார்த்தாள். "தெரியல. அது எனக்கும் குழப்பம்தான்."

"எனக்கும்தான்" என்றார் டீச்சர்.

அப்போதுதான் ரேடியோ மேசையில் குனிந்து எதையோ கிறுக்கிக்கொண்டிருப்பதை எல்லோரும் பார்த்தார்கள். ஏழாவது வரியை அவனே குறுக்கே அடித்திருந்தான். மேலே புதிதாக ஒன்று எழுதித் தாளைப் பொத்தானிடம் நீட்டினான். முகத்தில் பழைய வாட்டம் போய்ப் பல்லெல்லாம் தெரிந்தது.

பொத்தான் சத்தமாகப் படித்தாள்: "ஆகவே, எங்கே நின்று பார்த்தாலும் நடுவில் நிற்பதுபோலவே தெரியும்!"

கைதட்டல் ஓயவே இல்லை. வக்கீலும் தட்டினான். எலாஸ்டிக் முனை கையை விட்டுப் போய்ப் பொத்தானின் விரலில் சுள்ளென்று அடித்தது.

சாயங்காலம் கடையில் அம்மா ஊக்குகளை எண்ணினார். எட்டும் இருந்தன. ஆனால் எலாஸ்டிக் அவர் கைக்கு வரவில்லை. பொத்தான், ரேடியோ, வக்கீல் மூவரும் அதன் இரண்டு முனைகளையும் சேர்த்து வளையமாகப் பிடித்துக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்போ முனை எங்க போச்சு?" என்றான் வக்கீல்.

"குழம்பினது போதும், கொடுங்க" என்றார் அம்மா. "நாளைக்கு அதை ஒரு பொடியன் இடுப்புல மாட்டணும்."